ஐந்து நாடு பார்த்த அக்கா

பெய்ரூட்டுக்குப் போகிறவர்கள் மூன்றாம் மாடிக்கு மேல் போய்விடக் கூடாது. அங்கே கரண்ட் அடிக்கடி போகும். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், லிஃப்ட் நின்றால் தண்ணீர்ப் போத்தல்களையும் மரக்கறிப் பைகளையும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். அதோடு, மூன்றாம் மாடிவரை என்றால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியும். அதற்கு மேலே போனால் உச்சந்தலைதான் தெரியும். குவைத்தில் வெயில் காலம் என்றால் காலையிலேயே வாளியில் தண்ணீர் பிடித்து வீட்டுக்குள் வைத்து ஆறவிட வேண்டும். மத்தியானம் குழாயைத் திறந்து அப்படியே குளித்தால் தோல் வெந்துவிடும். அம்மானில் பனி கொட்டும். அரபு நாடுதானே என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போய் இறங்கினால் தொலைந்தோம்.

இதெல்லாம் நான் பார்த்துவிட்டுச் சொல்வதல்ல. மாத்தளையைத் தாண்டி நான் கொழும்புக்குப் போனதையே விரல்விட்டு எண்ணிவிடலாம். சொன்னவர் சீகிரியாவில் ஒரு சின்ன ஹோட்டலில் என்னோடு அறை சுத்தம் செய்த அக்கா. அவர் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், நான் அதற்குப் பக்கத்துத் தோட்டம். ஹோட்டலில் மற்ற எல்லோரும் சிங்கள ஆட்கள், நல்ல ஆட்கள். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கு வந்ததைத் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டாமா? அப்படித்தான் அவர் எனக்கு அக்கா ஆனார்.

குவைத், ரியாத், பெய்ரூட், அம்மான், கடைசியாக சைப்ரஸ். ஐந்து நாட்டிலும் வீட்டு வேலை. எங்கள் மெனேஜருக்கு அதில் ஒரு பெருமை. வெள்ளைக்காரர்கள் யாராவது வந்து நான் அங்கே போனேன், இங்கே போனேன் என்று பேச ஆரம்பித்தால் போதும், "எங்கள் ஸ்டாஃபும் உலகம் சுற்றினவர்கள்தான்" என்று அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிடுவார். அக்கா கையில் துடைப்பத்தோடு வந்து நிற்பார். மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழும்.

ஒரு முறை அப்படி ஓர் அம்மாள் வந்தார். உலகத்தில் பாதியைப் பார்த்தவர், போகிற இடத்தைப் பற்றியெல்லாம் எழுதி இன்டர்நெட்டில் போடுகிறவர். எந்த ஊரில் எதைச் சாப்பிட வேண்டும், எந்தத் தெருவில் ஏமாற்றுவார்கள் என்று அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. குவைத்துக்கு மட்டும் அவர் இன்னும் போகவில்லையாம். அங்கே கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் எது என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "மொட்டை மாடின்னு சொல்லு தங்கச்சி."

நான் சொன்னேன். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். எந்த ஹோட்டலின் மொட்டை மாடி, அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் அக்காவிடம் அதைத் திருப்பிக் கேட்டேன்.

"ஹோட்டல் இல்ல. வூட்டு மொட்டை மாடி. துணி காயப்போடுற எடம். எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, சமையல வேற ஆளுக்கு விட்டுக் குடுக்கலாம், புள்ளையக் குளிப்பாட்டுறத விட்டுக் குடுக்கலாம், துணி காயப்போடுற வேலைய மட்டும் விட்டுக் குடுத்துறக் கூடாது. அது ஒண்ணுதான் வெளிய போற வேலை."

இதை நான் எப்படி இங்கிலீஷில் சொல்வது? காற்று நன்றாக வரும் என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த அம்மாள் தலையாட்டினார், அக்காவோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அக்கா சொன்ன பெய்ரூட்டில் எனக்கு மிகவும் பிடித்தது எதிர் வீட்டுப் பெண். தெருவுக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில் ஒரு பல்கனி. அங்கே ஓர் ஆப்பிரிக்கப் பெண் வேலைக்கு இருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் துணி காயப்போடுவார்கள். ஒருத்தி பேர் ஒருத்திக்குத் தெரியாது, மொழியும் தெரியாது. இவர் ஒரு துணியை உதறிக் காட்டுவார், அவளும் உதறுவாள். அதுதான் காலை வணக்கம். வீட்டுக்கார நோனா திட்டிய நாள் என்றால் துணியை முறுக்கிப் பிழிந்து காட்டுவார்கள். ஒரு நாள் அங்கே வேறொரு பெண் வந்து துணி காயப்போட்டாள். அவள் உதறிக் காட்டவில்லை. அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் கையில் இருந்த வேலையை விட்டுவிடுவேன். அவரோ சாதாரணமாகத் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருப்பார்.

அக்காவைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும். அவரிடம் எனக்கு எரிச்சல் மூட்டுகிற ஒரு பழக்கம் இருந்தது. மூடிய கதவை அவர் தொடமாட்டார். சுத்தம் செய்யப் போகிற அறைகளைச் சாவி போட்டுத் திறப்பார், அது வேலை. தனக்காக ஒரு கதவைத் திறக்கமாட்டார். நாங்கள் சாப்பிடுகிற அறைக்கு நுளம்பு வராமல் ஒரு வலைக்கதவு போட்டிருந்தார்கள். அது சாத்தியிருந்தால் அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். யாராவது உள்ளே போனால் பின்னாலேயே போவார். யாரும் வராவிட்டால் சோறு ஆறும்வரை நிற்பார்.

"அக்கா, கை இருக்கில்ல? தள்ளுனா தொறக்கும்" என்று நான் கத்தியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

"அட, ஆமா" என்று சிரிப்பார். மறுநாளும் நிற்பார்.

சைப்ரஸில் ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொன்னார். ஐந்து நாட்டில் அங்கே மட்டும்தான் லீவு. முதல் ஞாயிறு காலையில் வீட்டுக்கார அம்மா கேட்டைத் திறந்து, போய்விட்டுச் சாயங்காலம் வா என்று வெளியே விட்டிருக்கிறார். அக்கா அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்தாராம். ஒரு சுற்று, பிறகு இன்னொன்று. கால் வலித்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் சுற்றினாராம். பார்க்கில் நம் ஊர்ப் பெண்கள் கூடுவார்கள் என்று சில மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

"அங்க போனதும் நல்லா இருந்திச்சாக்கா?"

"நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா திரும்ப எப்ப போகணும், எப்ப போகணும்னே மனசு அடிச்சிக்கிட்டு இருக்கும். வெளிய இருக்கிறதுக்கும் பழகணும்ல?"

பதினொன்றாம் அறையில் நடந்ததை மறக்க முடியாது. மத்தியானம் அக்கா அதைச் சுத்தம் செய்யப் போனார். தேநீர் நேரம் வந்தது, ஆளைக் காணவில்லை. சாயங்காலமானால் எங்கள் பக்கத்தில் யானை இறங்கும், ஹோட்டல் தோட்டத்துப் பின்பக்கம் போனாரோ என்று எனக்குப் பயம். எல்லா இடமும் தேடிவிட்டுக் கடைசியில் அந்த அறைக் கைப்பிடியைத் திருகினேன். சாதாரணமாகத் திறந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டதாம்.

"உள்ள இருந்தே தொறக்கலாமேக்கா! பூட்டவே இல்ல!"

"சாத்துற சத்தம் கேட்டிச்சி."

"அதுக்கு? திருகிப் பாக்கலியா? ஒரு சத்தம் போடக் கூடாதா? நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்!"

அக்கா என்னைப் பார்த்தார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "தட்டக் கூடாது தங்கச்சி. தட்டுனா இன்னும் நேரம் கழிச்சித்தான் தொறப்பாங்க."

அறை பளபளவென்று இருந்தது. தரையை எத்தனை தரம் துடைத்தாரோ. "இந்த ரூம்ல இருந்து பாத்தாத்தான் சீகிரியாக் கல்லு முழுசாத் தெரியுது. வர்ற ஆளுங்களுக்குச் சொல்லு" என்றார் எழுந்துகொண்டே. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. திட்டிவிட்டுப் போய்விட்டேன்.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் எங்கள் ஹோட்டல் காலியானது. வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லை. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டடம் பாழாகாமல் இருக்க எங்களைப்போல் சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் அக்காவின் மகள் வெளிநாடு போகிற பேச்சு வந்தது. அப்பா, தோட்டத்து லயத்து வீட்டில் அவளை வளர்த்த அத்தை, ஏஜென்சி ஆள், எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அக்காவுக்குச் சொன்னார்கள். ரியாத். பயிற்சியும் மெடிக்கலும் முடிந்துவிட்டன.

அக்கா ஒரே பிள்ளையைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனவர். ஒவ்வொரு நாட்டுக்கும் இடையில் வந்து கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மறுபடி போனவர். எதற்காக என்று கேட்டால், இவள் போகக் கூடாது என்பதற்காக என்பார். இப்போது அவளே போகிறாள்.

விமானத்துக்கு முதல் நாள் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். புதுச் சுரிதார், புதுச் செருப்பு, வாய் ஓயாத பெண். தோட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற எந்தப் பெண்ணும் அக்காவுக்குப் போன் போட்டு யோசனை கேட்காமல் போனதில்லை. அக்காவும் வாளித் தண்ணீரிலிருந்து துணி காயப்போடுவதுவரை எல்லாம் சொல்லி அனுப்புவார். "ஊருக்கெல்லாம் சொல்றியே, எனக்கு ஒண்ணும் சொல்லலியேம்மா" என்று மகள் கேட்டாள். அக்கா எழுந்தார். "வா, பெட்ஷீட் மடிக்கணும், பேசிக்கிட்டே மடிப்போம்" என்று துணி வைக்கிற அறைக்குக் கூட்டிப்போனார்.

நான் கீழே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கதவை அடிக்கிற சத்தம் கேட்டு ஓடிப்போனேன். துணி அறைக்கு வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளேயிருந்து அந்தப் பெண் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். அக்கா வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கைக்குள் இருந்தது.

"என்னாக்கா இது?"

"நாளைக்குக் காலைல பிளேன் போயிரும். அதுக்கப்புறம் தொறக்கிறேன்."

"அம்மா, தொற! நீ மட்டும் அஞ்சு நாடு பாத்தியே! கடல் பாத்தேன்னு சொன்ன! பனி பாத்தேன்னு சொன்ன! பெரிய பெரிய கடையெல்லாம் நோனா கூட்டிட்டுப் போறாங்கன்னு போன்ல நீதானே சொன்ன!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்குச் சொன்ன வாளியும் மொட்டை மாடியும் வேறு. மகளுக்கு அக்கா போனில் சொல்லி வந்த நாடுகள் வேறு. பிள்ளை அழாமல் தூங்க வேண்டுமே என்று கடலும் பனியும் கடைத்தெருவுமாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் இப்போது புறப்பட்டு நிற்கிறாள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "உண்மையச் சொல்லி நிப்பாட்டுங்கக்கா. இப்பிடிப் பூட்டி வைக்கிறது ஒங்க நோனாமாரு செஞ்ச வேலை."

"தெரியும்" என்றார் அக்கா. "எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வழிதான்."

நான் பூட்டை உடைக்கச் சுத்தியல் தேடிப் போகலாமா, மெனேஜரைக் கூப்பிடலாமா என்று அங்கேயே நின்றேன். மகள் கத்தினாள், அழுதாள், அப்பாவின் பேரைச் சொல்லித் திட்டினாள், காலால் உதைத்தாள். அக்கா அசையவில்லை. அந்தச் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு சத்தம் நின்றது.

அக்கா தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். உள்ளேயிருந்து ஓர் அசைவும் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. "பாப்பா" என்றார். பதில் இல்லை. "பாப்பா, தட்டு. தட்டுடி!" எழுந்த வேகத்தில் வாளி உருண்டது. சாவி பூட்டுக்குள் போகவில்லை. நான்தான் வாங்கித் திறந்தேன்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மடித்து வைத்த பெட்ஷீட்டுகளின்மேல், கையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கத்திக் களைத்துப்போய், இனித் திறக்கிறபோது திறக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரி. அப்பிடி ஒக்காராத. எந்திரிச்சிப் போ. போயிரு."

அவள் போனாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் தம்புள்ளை ரோட்டுக்கு நடந்தாள். மறுநாள் பிளேன் ஏறினாள்.

சில வாரம் போன் இல்லை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் வர ஆரம்பித்தது. அக்கா ஸ்பீக்கரில் போடுவார், நானும் கேட்பேன். நல்லா இருக்கேம்மா. சாப்பாடு நல்லாம்மா. வீட்டுக்காரங்க நல்லவங்கம்மா. பேச்சில் பழைய கோபம் எதுவும் இல்லை, அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா மட்டும் ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "வெளிய போனியா?"

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். "போனேம்மா. நேத்து எல்லாரும் கடற்கரைக்குப் போனோம். பொழுது சாயிறவரைக்கும் இருந்தோம். கடல் எவ்வளவு அழகு தெரியுமா?"

நான் சந்தோஷப்பட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது.

"பாப்பா" என்றார் அக்கா. "ரியாத்ல கடல் இல்லடி."

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நானும் அங்க இருந்தவதானே. சுத்தி வர வெறும் மணல். கடலுக்குப் போகணும்னா அரை நாளு கார்ல போகணும். நான் ஒனக்குச் சொன்னதும் பொய்தான் பாப்பா. நான் பாத்ததெல்லாம் ஜன்னல். எங்கிட்டச் சொல்லு. வெளிய போனியா?"

முதலில் மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. பிறகு அவள் அழுதாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை அது. வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை, துணியைக்கூட மெஷினில்தான் காயவைக்கிறார்கள் என்றாள். போன் கட்டானது.

அக்கா எப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"எங்கக்கா போறீங்க?"

"புள்ளையக் கூட்டியார."

"மெனேஜர் மாத்தயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பாஸ்போர்ட் இல்லை, காசு இல்லை, எப்படிக் கூட்டிவரப் போகிறார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மாத்தளையில் இருந்த அந்த ஏஜென்சிக்குத்தான் போயிருக்கிறார். இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் ஒன்றும் செய்ய முடியாது என்றார்களாம். ஒப்பந்தத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் மூடும்போது வெளியே அனுப்பினால் மறுநாள் காலையில் திறப்பதற்கு முன்னால் வந்து நிற்பாராம். வெளிநாட்டுக்கு ஆள் பதிய வருகிற ஒவ்வொரு பெண்ணையும் வாசலிலேயே நிறுத்தி, ஐந்து நாட்டைப் பற்றியும் சொல்வாராம், ஒன்றையும் மறைக்காமல். வந்தவர்கள் படியிறங்கிப் போக ஆரம்பித்தார்கள். புருஷன் வந்து இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் ஏஜென்சிக்காரர்களே ரியாத்துக்குப் போன் போட வேண்டி வந்தது.

மகள் தீபாவளிக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டாள் என்று தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். அக்கா ஹோட்டலுக்குத் திரும்பி வரவில்லை. ரத்தோட்டை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை என்று கேள்விப்பட்டேன். எங்களிடம் மறுபடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கி, மூச்சுவிட நேரமில்லாமல் போனது. அவருக்கு நான் போன் போட்டதே பல மாதம் கழித்துத்தான்.

நலமெல்லாம் விசாரித்த பிறகு, பாப்பாவிடம் கொடுங்கள், நானும் பேசுகிறேன் என்றேன்.

"அவ இல்லியே தங்கச்சி. வெளிய போயிருக்கா."

"எங்க போனா?"

"தெரியல" என்றார் அக்கா. "நான் கேக்கல."